உறையின் மேல் ஓரெழுத்து

அத்தியாயம் பதினொன்று

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, இரண்டு பெண்கள் முப்பத்தோரு நாள் பேசாமல் இருக்க முடியுமா? முடியும் என்று பெரியவளும் சின்னவளும் நிரூபித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்த ஓர்ப்படிகள் அவர்கள். பெரியவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துப் பிரேமில் பொருத்தும் வேலை. சின்னவளுக்கு மருந்துக்கடையில் வேலை. சண்டை சின்னவளின் தங்கையால் வந்தது. அந்தப் பெண்ணைக் கண்ணாடிக் கடையில் வேலை பழகச் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். ஒரு வாரம் கழித்து, எப்படி இருக்கிறாள் என்று முதலாளி கேட்டார். பொண்ணு நல்ல பொண்ணு, கை போதாது என்று பெரியவள் உள்ளதைச் சொன்னாள். மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை.

அன்று சின்னவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னதுதான் கடைசிப் பேச்சு.

"அவங்க கைதான் கை. அதுவும் எத்தனை நாளைக்குன்னு பாப்போம்."

அதற்குப் பிறகு எல்லாம் துண்டுச்சீட்டில்தான். 'கேஸ் சொல்லியாச்சு.' 'மோட்டார் போட வேண்டாம், தொட்டி நிறைஞ்சிருக்கு.' அலமாரியின் இரண்டாம் தட்டு அவர்களுக்குத் தபால் பெட்டி ஆயிற்று. இரண்டு ஆண்களும் இந்தச் சீட்டுகளைப் பார்த்தும் பாராததுபோல் போய் வந்தார்கள்.

இப்போது பெரியவளின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

புதன்கிழமை காலை அவள் டீயை ஆற்றிய சத்தத்தில் கணவர் செய்தித்தாளை இறக்கினார். டம்ளரும் வட்டாவும் மோதிக்கொண்டு தந்தி அடிப்பதுபோல் கேட்டது. அவர் லிஃப்ட் மெக்கானிக். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடும் ஆள். மனைவி விஷயத்தில் மட்டும் அந்தக் காது வேலை செய்வதில்லை. இளைத்துப்போய் அழகாகத்தான் இருக்கிறாய் என்று போன வாரம் சொல்லியிருந்தார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். படுத்தால் தூக்கம் இல்லை. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலும் முதுகு நனைகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு ஓடிவந்த நாய் மாதிரி இரைக்கிறது. எட்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று, அதோடு முடிந்தது. ஒருநாளும் இப்படி இருந்ததில்லை.

"அந்தப் புது மாத்திரை வந்ததுல இருந்துதாங்க," என்றாள் தாழ்ந்த குரலில்.

அவருக்குப் புரிந்தது. கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பழைய கம்பெனி மாத்திரை வருவது நின்றுபோய்விட்டது. ஒரு நாள் இரண்டாம் தட்டில் சின்னவள் ஒரு சீட்டு வைத்திருந்தாள். 'பழசு இனிமே கிடைக்காது. டாக்டரம்மாகிட்ட கேட்டாச்சு.' அதன் பக்கத்தில் மருந்துக்கடையின் சின்னக் காகித உறை. உறைக்குள் வேறு நிற மாத்திரைகள். இருபத்து நாலு நாளாயிற்று.

"வீட்டு மனுஷி மேல அப்படியெல்லாம் சந்தேகப்படாத," என்றார் கணவர். "அவ என்ன விஷமா குடுப்பா?"

விஷம் என்று அவள் சொல்லவே இல்லையே. அவர் வாயிலிருந்து அது ஏன் வந்தது? அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ ஓடுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கிளம்பும் முன் துண்டை எடுக்கப் பின்கட்டுக்குப் போனபோது, குளியலறைக்குள்ளிருந்து சின்னவள் போனில் பேசுவது கேட்டது. தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசினாள். பக்கெட் நிறைந்து சத்தம் மாறிய ஒரு கணத்தில் வார்த்தை தெளிவாக வெளியே வந்தது.

"கொஞ்சம் பொறுடி. அந்த இடம் எங்கேயும் போயிடாது."

டி போட்டுப் பேசுகிறாள் என்றால் தங்கையிடம்தான். தங்கைக்கு எந்த இடம்? பெரியவள் துண்டை எடுக்காமலே திரும்பி வந்தாள்.

கண்ணாடிக் கடையில் அவள் மேசைமேல் ஒரு தட்டு காத்திருந்தது. தட்டில் இரண்டு லென்ஸ். ஒரு தலைமையாசிரியைக்கு உரியவை. பவர் அதிகம் என்பதால் வெளியூரிலிருந்து ஐந்து வாரம் கழித்து வந்திருந்தன. அந்த அம்மாள் கேட்டது விளிம்பே இல்லாத பிரேம். அதற்கு லென்ஸின் ஓரத்திலேயே நான்கு துளை போட்டுத் திருகு மாட்ட வேண்டும். ஓரத்துக்கும் துளைக்கும் இடையில் நகத்தின் அகலம்கூட இருக்காது. அரை மயிரிழை பிசகினால் விரிசல்.

போன வியாழக்கிழமை ஒரு லென்ஸ் அவள் கையில் விரிசல் விட்டுவிட்டது. பதினாறு வருடத்தில் முதல் தடவை. முதலாளி கத்தவில்லை. இன்னொன்று உடைந்தால் முன்பக்கம் வந்து பிரேம் எடுத்துக் காட்டுகிற வேலையைப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். பின்மேசையில் உட்கார்ந்தவளை முன்பக்கம் நிறுத்துவது என்றால் என்ன என்று அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். பிறகு மேசைக்குத் திரும்பியவர்கள் யாரும் இல்லை.

அவள் தட்டோடு வந்த சீட்டைப் படித்தாள். 'வ', 'இ' என்று இரண்டு வரிசை, எதிரே எண்கள். வலது, இடது. கீழே 'தூ', 'ப'. தூரத்துக்கு, படிக்க. அந்தக் கடையில் யாரும் முழுச் சொல் எழுதுவதில்லை. ஓரெழுத்தைப் பார்த்தால் மிச்சம் தானாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இது என்ன என்று கேட்பவள் வேலை தெரியாதவள்.

துளை விழவேண்டிய இடத்தில் மையால் புள்ளி வைக்கப் பேனாவை எடுத்தாள். புள்ளி விழவில்லை. சின்னதாக ஒரு கோடு விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் கோடு. முழங்கையை மேசையில் ஊன்றி, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வைத்தாள். அது எறும்பு ஊர்ந்ததுபோல் வளைந்து நின்றது.

தலைமையாசிரியை முன்பக்கம் வந்து உட்கார்ந்திருந்தார். பழைய கண்ணாடியின் ஒரு காது உடைந்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பிள்ளைகள் தன்னைக் கடற்கொள்ளைக்காரி என்று கூப்பிடுவதாக முதலாளியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெரியவள் லென்ஸைத் துணியில் சுற்றித் தட்டில் வைத்தாள். முதலாளியிடம் போய் உடம்பு சரியில்லை, கொஞ்சம் வெளியே போய் வரவேண்டும் என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்.

"நாலு மணி வரைக்கும் பாக்கறேன்," என்றார். "அதுக்குமேல நான் வேற யாரையாவது உக்கார வைக்கணும்மா."

வேறு யாரையாவது. அந்த இடம் எங்கேயும் போயிடாது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி, திருகு இறுகியதுபோல் அவள் மனதுக்குள் நின்றது.

அவள் டாக்டரிடம் போகவில்லை. கைப்பையில் இருந்த காகித உறையோடு நேராக மருந்துக்கடைக்குப் போனாள்.

அந்தக் கடைக்காரருக்குக் 'கேள்விக்குறி' என்று பெயர். கழுத்து முன்னால் வளைந்திருப்பது ஒரு காரணம். எதைச் சொன்னாலும் திருப்பி ஒரு கேள்வி கேட்பது இன்னொரு காரணம். தலைவலி மாத்திரை கேட்டால்கூட, தலைவலி யாருக்கு, நேற்று என்ன சாப்பிட்டாய் என்பார். சலித்துக்கொண்டாலும் ஜனங்கள் அங்கேதான் போவார்கள்.

சின்னவள் உள்ளே பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள். அதுவும் நல்லதுதான் என்று பெரியவள் உறையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

"இது உங்க கடை உறைதானே. உள்ள என்ன இருக்குன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. இதைச் சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்துதான் என் கை இப்படி ஆடுது."

கையை நீட்டிக் காட்டினாள். நீட்டிய விரல்கள் காற்றில் அலைந்தன. டானிக் வாங்க நின்றிருந்த ஒரு ஆள் தன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு பார்த்தார்.

கேள்விக்குறி மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார். தேதியைப் பார்த்தார். சரியான மருந்துதான், சரியான அளவுதான் என்றார். அவர் சொன்னதில் அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

சத்தம் கேட்டு வெளியே வந்த சின்னவள், உறையைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"எப்படிப் போடறீங்க?"

முப்பத்தோரு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.

"எப்படின்னா? நீ எழுதி வச்சபடிதான். சாயங்காலம் ஒண்ணு."

"சாயங்காலமா?"

"மான்னு போட்டிருக்கேல்ல. மாலை ஒண்ணு, வெறும் வயிறு."

சின்னவள் உறையைத் திருப்பினாள். அவள் கையெழுத்துதான். 'மா – 1 – வெறும் வயிறு.' கேள்விக்குறியும் எட்டிப் பார்த்தார்.

"அப்போ காலையில?" என்றாள் சின்னவள். குரல் மாறியிருந்தது.

"காலையில எப்பவும் போடறதைத்தான். பழசு."

"பழசு ஏது? அதுதான் அந்த வாரமே தீந்திருக்கணுமே. நாள் கணக்கு வச்சுத்தானே புதுசை வாங்கி வச்சேன்."

பழசு இன்னும் இருந்தது. மருந்து வராது என்று கேள்விப்பட்டதும் லிஃப்ட் மெக்கானிக் வேறொரு கடையில் ஒரு முழுப் புட்டி வாங்கி வைத்துவிட்டார். எந்த உதிரிப் பாகத்தையும் இரண்டாக வாங்கி வைக்கிற பழக்கம் அவருக்கு. வாங்கியதை மனைவியிடம் சொன்னார். தம்பி மனைவியிடம் யார் சொல்வது?

சின்னவள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்கடையில் 'மா' என்றால் மாலை இல்லை. மாலைக்கு அவர்கள் எழுதுவதே இல்லை. காலை, மதியம், இரவு, அவ்வளவுதான். ஒரு கம்பெனி மருந்து இல்லாமல் அதே மருந்தை வேறு கம்பெனியில் கொடுத்தால், உறையின் மேல் 'மா' என்று போடுவார்கள். மாற்று. பழையதற்குப் பதிலாக இது.

பழையதற்குப் பதிலாகச் சாப்பிட வேண்டியதைப் பழையதோடு சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறாள் பெரியவள். இருபத்து நாலு நாள், இரண்டு மடங்கு. பழசு தீரும்வரை துணைக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். ஓரெழுத்து பார்த்தாள், மிச்சம் தானாகக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். யாரிடம் கேட்பது?

சின்னவள் எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு. பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

டாக்டரம்மா கேட்டதையெல்லாம் அவள் கேட்டுச் சொன்னாள். நெஞ்சு வலிக்கிறதா? இல்லை. மூச்சு முட்டுகிறதா? படி ஏறினால் மட்டும். மயக்கம்? இல்லை. பக்கத்துக் கிளினிக்கில் உடனே ஈசிஜி எடுத்து அனுப்பச் சொன்னார். வலியோ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நாளை காலை இரத்தப் பரிசோதனை. இரண்டு மாத்திரையுமே இப்போதைக்கு வேண்டாம், எந்த நாளிலிருந்து தொடங்குவது என்று தானே சொல்வதாகச் சொன்னார். தொடங்கியதும் புதியது மட்டும், காலையில் ஒன்று. ஆறு வாரம் கழித்து மறுபடி இரத்தம். பயந்துகொண்டு மருந்தையே விட்டுவிடக் கூடாது.

"கை எப்போ நிக்கும்னு கேளு," என்றாள் பெரியவள்.

சின்னவள் கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டுப் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தாள்.

"இந்த மருந்து உடம்புல இருந்து மெதுவாத்தான் இறங்குமாம். ரெண்டு வாரம், மூணு வாரம் ஆகுமாம்."

பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டே கால்.

கேள்விக்குறி இப்போது மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அந்தக் கடையில் ஒரு விதி உண்டு. மாற்று மருந்து கொடுத்தால், பழையதை நிறுத்த வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் உறை கைமாறலாம். போன வருடம் ஒரு பெண் இதை மறந்ததற்காக அன்று மாலையே வேலையிலிருந்து போனாள். பதினோரு மணிக்கு வருகிற தள்ளுவண்டிக்காரர் வரை இந்தக் கதை தெரியும்.

அவர் கழுத்தை வளைத்துப் பெரியவளின் முகத்துக்கு நேரே வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லுங்க. மாத்திரையைக் குடுத்தப்போ, பழசை நிறுத்திடணும்னு இவ உங்களுக்கு வாயால சொன்னாளா?"

சின்னவள் தலை நிமிரவில்லை. மேசைமேல் கிடந்த உறையின் ஓரத்தை நகத்தால் மடித்துக்கொண்டே இருந்தாள்.

பெரியவள் இதற்காகத்தான் வந்திருந்தாள். வழியெல்லாம் இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்றுதான் நடந்தாள். வேலை விஷயத்தில் அவள் பொய் சொன்னதில்லை. கை போதாது என்றால் போதாதுதான். இல்லை என்று ஒரு சொல் போதும். இந்தக் கண்ணாடி மேசை, பின்னால் வரிசை வரிசையாகப் பெட்டிகள், அகராதி மாதிரி அத்தனையும் மனப்பாடமாக வைத்திருக்கிற இந்தப் பெண், நாளை முதல் இதற்கு வெளியே நிற்பாள்.

"சொன்னா," என்றாள். "நான்தான் சரியா காதுல வாங்கல."

கேள்விக்குறி நம்பியதுபோல் தெரியவில்லை. ஆனால் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அது அந்தக் கடையில் அபூர்வம்.

கிளினிக் நாலு கட்டடம் தள்ளி இருந்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். பெரியவள் வேகமாக நடந்தாள், சின்னவள் முழங்கையைப் பிடித்து மெதுவாக்கினாள். உள்ளே ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எதிரே பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?" என்றாள் சின்னவள்.

நன்றி சொல்கிற குரல் இல்லை அது. இதற்குப் பதிலாக என்ன கேட்கப்போகிறாய் என்கிற குரல்.

"தெரியல."

"உங்களுக்குத் தெரியாம நீங்க எதுவும் சொல்ல மாட்டீங்க."

சின்னவள் தன் கால் விரல்களைப் பார்த்தாள். பிறகு அதே நிலையில், கீழே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன். அப்புறம் நீங்க எங்க கடைக்காரர்கிட்ட திரும்பிப் போய் என்ன வேணா சொல்லிக்குங்க. பத்து நாளைக்கு முன்னாடியே உங்க கையை நான் பாத்துட்டேன். கையும் நடுங்குது, ஆளும் இளைச்சுட்டீங்க, சும்மா சும்மா வேர்க்குது. தினம் நாலு பேர் கடைக்கு வந்து இதைத்தான் சொல்றாங்க. எனக்குத் தெரியாதா? மருந்து எங்கேயோ ஜாஸ்தி ஆகுதுன்னு தெரிஞ்சுது. எப்படின்னுதான் தெரியல."

பத்து நாளைக்கு முன்பு. லென்ஸ் விரிசல் விட்டது போன வியாழக்கிழமை. பெரியவள் எண்ணிப் பார்த்தாள். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை, அது ஆறு நாள்.

"ஒரு சீட்டு எழுதி வச்சிருக்கலாமே," என்றாள்.

"எழுதினேன். தட்டுல வைக்கல."

"ஏன்?"

சின்னவள் இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"கொஞ்ச நாள் நடுங்கட்டும்னு நினைச்சேன்."

திரையை விலக்கிக்கொண்டு நர்ஸ் கூப்பிட்டார். பெரியவள் எழுந்தாள். கைப்பையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனாள். வேறு யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை.

நர்ஸ் படுக்கவைத்து, நெஞ்சிலும் கை கால்களிலும் குளிர்ந்த பசையைத் தடவிக் கம்பிகளைப் பொருத்தினார். இயந்திரம் ஓடியது. காகிதத்தைக் கிழித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கை ஆடுவதால் கோடு கலங்கிப்போகிறதாம். கூட வந்தவங்களைக் கூப்பிட்டுக் கையைப் பிடிச்சுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

பெரியவள் இரண்டு கைகளையும் தன் இடுப்புக்கு அடியில் செருகி, உடம்பின் பாரத்தை அவற்றின் மேல் வைத்தாள்.

"வேண்டாம். இனிமே ஆடாது. எடுங்க."

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கிய நேரத்தில், திரைக்கு அப்பால் அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. இந்த நேரத்துக்கு அடிப்பது கண்ணாடிக் கடை முதலாளி ஒருவர்தான். நாலு முறை அடித்தது. ஐந்தாவது பாதியில் நின்றது.

பிறகு சின்னவளின் குரல். தாழ்ந்த குரல். "ஆமாங்க, நான் அவங்க ஓர்ப்படி" என்பது கேட்டது. அதன் பிறகு வார்த்தைகள் கேட்கவில்லை. நீளமாகப் பேசினாள். நடுவில் 'கை' என்கிற சொல் ஒருமுறை வந்தது. 'மூணு வாரம்' வந்தது. 'என் தங்கச்சி' வந்தது.

அந்த இடம் எங்கேயும் போயிடாது என்று காலையில் சொன்னதும் இதே குரல்தான். பெரியவள் தலையைத் தூக்கப் பார்த்தாள்.

"அசையாதீங்கம்மா," என்றார் நர்ஸ். "கோடு இப்பத்தான் நேரா வருது."

அவள் அசையாமல் கிடந்தாள்.